'ஒரு சின்ன டவுட் டாக்டர்': 1879-லிருந்து ஒரு வரலாறு

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டு வைத்தியம் கேட்கலாமா, கூடாதா? இந்தச் சண்டை இங்கே மாசத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். "என் நம்பர் என்ன ஓபி சீட்டா?" என்று டாக்டர்கள் ஒரு பக்கம். "ஒரு வரி பதில் போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மக்கள் ஒரு பக்கம். ரெண்டு தரப்பும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போவாங்க: இது ஸ்மார்ட்போன் வந்த பிறகு முளைச்ச பிரச்சனை.

இல்லைங்க. டெலிபோனுக்கு மூணு வயசு இருக்கும்போதே இது ஆரம்பிச்சாச்சு.

அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காப்புரிமை வாங்கியது 1876 மார்ச்சில். 1879 நவம்பர் 29 தேதியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு குட்டிச் செய்தி வருகிறது. அமெரிக்காவில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சம்பவம். நடு ராத்திரி. புதுசா பாட்டி ஆன ஒரு அம்மாவுக்கு மகளிடமிருந்து போன். குழந்தைக்கு க்ரூப் வந்துடுச்சு, என்ன பண்றதுன்னு தெரியலை என்று மகள் பதறுகிறாள். (வாட்ஸ்அப் குரூப் இல்லைங்க. இது குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் மேல்பகுதி வீங்கி, நாய் குரைக்கிற மாதிரி இருமல் வரும் நோய்.) பாட்டி உடனே குடும்ப டாக்டரைப் போனில் எழுப்புகிறார். டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? குழந்தையின் அம்மாவிடம் நேரடியாகப் பேச இணைப்புக் கேட்டார். குழந்தையைத் தூக்கி டெலிபோன் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். குழந்தை இருமியது. கேட்டார். இது க்ரூப் இல்லை என்றார். இதுக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது, நீங்களும் படுங்க என்று பாட்டிக்கும் சொல்லிவிட்டார். மூணு பேரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். செய்தி அவ்வளவுதான்.

லான்செட் இதைக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் போட்டிருந்தது. ஆனா ஒரு மருத்துவனா படிக்கும்போது எனக்கு முதுகுத்தண்டு கொஞ்சம் சில்லுன்னு ஆகுது.

ஏன்னா 1879-ல் க்ரூப் என்றால் சாதாரண வைரஸ் இருமலாகவும் இருக்கலாம், தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவாகவும் இருக்கலாம். தொண்டை அடைப்பானுக்கு எதிர்நச்சு மருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1890-களின் நடுப்பகுதியில்தான். அதுக்கு முன்னாடி தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சு அடைச்சு செத்த குழந்தைகளுக்குக் கணக்கே இல்லை. அந்த டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தபடி, அன்றைய கரகரப்பான லைனில், ஒரே ஒரு இருமலைக் கேட்டு முடிவு எடுத்தார். காலையில் குழந்தை எப்படி இருந்தது என்று அந்தக் குறிப்பில் இல்லை.

இதை மனசுல வச்சுக்கோங்க. மேல போவோம்.

டெலிபோனும் மருத்துவர்களும் பிறந்ததிலிருந்தே ஒட்டிப் பிறந்தவங்க. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1877-லேயே ஒரு மருந்துக்கடைக்காரர் தன் கடையையும் ஊரில் உள்ள டாக்டர்களையும் போன் கம்பியால் இணைத்தார். அடுத்த வருஷம் 1878 ஜனவரி 15 இரவு, பக்கத்தில் டாரிஃப்வில் என்ற இடத்தில் பாலம் இடிந்து ரயில் ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். அந்த ராத்திரி ஹார்ட்ஃபோர்ட் டாக்டர்களைத் தட்டி எழுப்பிக் கூட்டியது அந்த மருந்துக்கடை போன்தான். அதுவரை பணக்காரர் வீட்டு விளையாட்டுச் சாமானா பார்த்த ஒரு கருவிக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

அதே வருஷம் பிப்ரவரியில் நியூ ஹேவன் நகரில் முதல் டெலிபோன் டைரக்டரி வந்தது. டைரக்டரின்னா புத்தகம் இல்லை, ஒரே ஒரு அட்டை. மொத்தமே 50 பேர். அதில் டாக்டர்களுக்குன்னு தனித் தலைப்பு போட்டு மூணு பேர், பல் டாக்டர்கள் ரெண்டு பேர்.

இன்னொன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. போன் நம்பர் என்ற ஐடியாவே ஒரு டாக்டருடையது. ஆரம்பத்தில் நம்பர் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டரிடம் பேர் சொல்லி "அவர் வீட்டுக்குக் கொடுங்க" என்று கேட்கணும். 1879-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் ஊரில் தட்டம்மை பரவியது. அங்கே இருந்தது நாலே நாலு ஆபரேட்டர்கள். மோசஸ் கிரீலி பார்க்கர் என்ற டாக்டர் யோசித்தார்: இந்த நாலு பேரும் படுத்துட்டா? புதுசா வர்றவனுக்கு இருநூறு பேர் வீட்டு லைன் எது எதுன்னு எப்படித் தெரியும்? ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துடுங்க என்றார். பெரிய விஷயம்ங்க இது. உங்க போனில் இருக்கும் பத்து இலக்கத்துக்குப் பின்னாடி ஒரு தட்டம்மை இருக்கு.

(டாக்டர் நம்பர் கொடுத்தார். ஆபரேட்டரே இல்லாமல் தானாக இணைக்கும் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடிச்ச அல்மன் ஸ்ட்ரோஜர் யார் தெரியுமா? சவ அடக்கம் நடத்தித் தரும் தொழில் செய்தவர். 1891-ல் காப்புரிமை. மருத்துவமும் மரணமும் இல்லாமல் டெலிகாம் வரலாறே கிடையாது போல.)

சரி, எல்லாரும் கூப்பிடலாம் என்று வந்தாச்சு. எப்ப வேணா கூப்பிடலாமா?

இந்தக் கேள்விக்கு பெல்லே ஒரு பதில் வச்சிருந்தார். வீட்டில் போன் உண்டு, ஆனா தன் படிப்பறையில் அவர் போன் வைத்துக்கொள்ளவே இல்லை. தனியா உட்கார்ந்து யோசிக்கிற இடம் அது என்பதால். 1922 ஆகஸ்டில் அவர் இறந்தபோது, அடக்க நேரத்தில் வட அமெரிக்கா முழுக்க ஒரு நிமிஷம் போன் சேவையை நிறுத்தி மரியாதை செய்தார்கள். ஒரு கண்டமே சைலண்ட் மோடுக்குப் போன நாள்.

பெல் படிப்பறைக் கதவைச் சாத்திக்கலாம். டாக்டரால் முடியாது. ஏன்னா கூப்பிடுறவங்களில் யாருக்கு நிஜமாவே அவசரம் என்பது போனை எடுத்த பிறகுதான் தெரியும். நம்ம தொழிலின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு வரியில் இருக்கு.

நம்ம ஊர் அரசு மருத்துவமனைகளில் இதுக்கு ஒரு அருமையான பழைய ஏற்பாடு இருந்தது. கால் புக். நீளமான ஒரு நோட்டு. வார்டில் நோயாளிக்குத் திடீர்னு மோசமானா, டூட்டி நர்ஸ் அதில் நோயாளி பேர், என்ன பிரச்சனை, மணி எத்தனை என்று எழுதுவார். மருத்துவமனைப் பணியாளர் அதை எடுத்துக்கிட்டு டாக்டரின் குவார்ட்டர்ஸுக்கு நடந்து போவார். டாக்டர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்து போட்டுவிட்டுக் கிளம்பணும். யார் கூப்பிட்டது, எத்தனை மணிக்கு, எதுக்கு, டாக்டர் எப்போ பார்த்தார், எல்லாம் மையில். நாளைக்கு விசாரணை என்று வந்தால் கால் புக்தான் சாட்சி.

கவனிச்சீங்களா? அனுப்பினது, கிடைச்சது, பார்த்தது. மூணும் அதில் இருக்கு. ப்ளூ டிக்கின் தாத்தா.

கால் புக்கில் இன்னொரு நல்ல குணம் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஆளை இருட்டில் நடக்க வைக்கணும் என்றால், எழுதுறவர் ஒரு தடவை யோசிச்சுத்தான் எழுதுவார். எழுதும்போது தேவையானதைத் தெளிவா எழுதுவார். கூப்பிட ஒரு சின்னச் செலவு இருந்தது.

கருவிகள் வளர வளர அந்தச் செலவு தேய்ந்துகொண்டே வந்தது.

1950 அக்டோபரில் நியூயார்க்குக்கு 40 கிலோமீட்டர் தள்ளி கோல்ஃப் விளையாடிக்கொண்டிருந்த ஒரு டாக்டருக்கு உலகின் முதல் பேஜர் அழைப்பு போனது. கோல்ஃப் மைதானம் என்பதைக் கவனிங்க. அந்தக் கருவியை விற்றதே "டாக்டர், இனி நீங்க போனுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டாம், எங்க வேணா போகலாம்" என்று சொல்லித்தான். நடந்தது என்ன? அவர் எங்க போனாலும் ஆஸ்பத்திரி கூடவே போச்சு. 1956-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்குள்ளும் பேஜர் வந்தது. அப்புறம் பல நாடுகளில் டாக்டர்கள் இடுப்பில் அது பல பத்து வருஷம் தொங்கியது. நம்ம ஊரில் 1995-ல் வந்து, செல்போன் அடிச்ச அடியில் சில வருஷத்தில் காணாமப் போச்சு. என் வயசுக்காரங்க அதைச் சினிமாவில் பார்த்ததோடு சரி.

இந்தியக் கதைக்கு வருவோம். சென்னைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் 1882-லேயே வந்தாச்சு. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூணு ஊருக்கும் அதே வருஷம். ஆனா அடுத்த நூறு வருஷத்துக்கு அது பெரிய வீட்டுச் சமாச்சாரம். கிராமத்து மனிதன் கைக்குப் போன் வந்தது எண்பதுகளுக்கு அப்புறம், எஸ்டிடி பூத் வழியா.

கண்ணாடிக் கூண்டு, மஞ்சள் போர்டு, தலைக்கு மேல சிவப்பு எண்களில் ஓடும் மீட்டர். ராத்திரி ஆனா கட்டணம் குறையும் என்று வரிசையில் காத்திருப்பாங்க. அந்த மீட்டர் இருக்கே, அது மாதிரி நோயாளி விவரம் சொல்லக் கத்துக்கொடுத்த ஆசிரியர் கிடையாது. "சார், பையனுக்கு நாலு வயசு, மூணு நாளா காய்ச்சல், நேத்துலேர்ந்து வாந்தி, ஒண்ணுக்குப் போகலை, கூட்டிட்டு வரட்டுமா?" பத்து வினாடி. ஒரு மருத்துவக் கல்லூரி மாணவன் கேஸ் பிரசன்ட் பண்ற மாதிரி கச்சிதமா இருக்கும். காசு ஓடுதே.

1995 ஜூலை 31-ல் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போ பேச நிமிஷத்துக்கு 16 ரூபாய்க்கு மேல. வர்ற போனுக்கும் காசு! செல்போன் வச்சிருந்த டாக்டர், நோயாளி கூப்பிட்டா தன் பையிலிருந்து காசு கொடுத்து அவர் பேச்சைக் கேட்டார். அதனால நம்பரை யாரும் சுலபமா தர மாட்டாங்க.

2003-ல் உள்வரும் அழைப்பு இலவசம் ஆச்சு. எனக்குத் தெரிஞ்சு டாக்டர்-நோயாளி உறவை மாத்தின தேதிகளில் இது ரொம்ப முக்கியமானது. மருத்துவ வரலாற்றுப் புத்தகம் எதிலும் இதைத் தேடாதீங்க. ஓபி சீட்டு ஓரத்தில் டாக்டர்கள் நம்பர் எழுதிக் கொடுக்கத் தொடங்கினது அப்புறம்தான்.

கூடவே வளர்ந்தது மிஸ்டு கால். நம்ம மக்கள் ஒரு தொழில்நுட்பத்தைத் தலைகீழா பிடிச்சு உபயோகிச்சதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஒரு ரிங்னா ஊர் வந்து சேர்ந்தாச்சு. ரெண்டு ரிங்னா நீ கூப்பிடு. டாக்டருக்கு வரும் மிஸ்டு காலுக்கு அர்த்தம் ஒண்ணே ஒண்ணு: "என்கிட்ட பேலன்ஸ் இல்லை, உங்களுக்கு மனசு இருந்தா கூப்பிடுங்க." மலைக்கிராமத்திலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தா, அதைத் திருப்பிக் கூப்பிடாமல் தூங்கிய மூத்த டாக்டர்களை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு ரிங்கில் ஒரு மரியாதை இருந்தது. முடிவை உங்ககிட்ட விட்டாங்க.

2016-ல் டேட்டா விலை அடியோடு சரிஞ்சது. அப்புறம் எல்லார் கையிலும் வாட்ஸ்அப்.

இதுக்கு முன்னாடியே 2014 நவம்பரில் வாட்ஸ்அப் ப்ளூ டிக்கைக் கொண்டு வந்தது. உலகம் முழுக்க எதிர்ப்பு. சீக்கிரமே அதை அணைச்சு வைக்கவும் வசதி கொடுத்துட்டாங்க. ஆனா ஒரு விஷயம் மாறினது மாறினதுதான்.

போன் அடிச்சு எடுக்கலைன்னா, "டாக்டர் ஆபரேஷன்ல இருப்பார், குளிச்சிட்டிருப்பார்" என்று ஒரு சாக்கு நமக்காக எதிர்த்தரப்பே கண்டுபிடிச்சு வச்சிருக்கும். எடுக்காத போனுக்கு அர்த்தம், ஆள் இல்லை. அவ்வளவுதான். நீல டிக் விழுந்த மெசேஜுக்கு அப்படி இல்லை. பார்த்தாச்சு, பதில் போடலை. மௌனமே ஒரு பதிலா மாறிடுச்சு. அதுவும் எப்படிப்பட்ட பதில்? சில சமயம் "அவருக்குத் திமிர்". சில சமயம் இதைவிட ஆபத்தானது: "டாக்டர் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை, அப்போ பயப்பட ஒண்ணுமில்லை போல."

ரெண்டாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது.

கால் புக்கில் கையெழுத்து போட்டா, வர்றேன் என்று அர்த்தம். ப்ளூ டிக் பார்க்க அதே மாதிரி இருக்கும். ஆனா நான் எதுக்கும் ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்லை. பஸ்ஸில் நின்னுக்கிட்டு கட்டை விரல் தவறிப் பட்டாலும் நீலம்தான்.

"அப்போ வாட்ஸ்அப்பே வேண்டாம்ங்கிறீங்களா?" இல்லவே இல்லை. கம்பி வழியா வைத்தியம் ஜெயிச்ச கதையும் இருக்கு. அதைச் சொல்லாமப் போனா பாவம்.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐன்தோவன். இன்னைக்கு நாம எடுக்கும் இசிஜிக்குத் தந்தை. அவருடைய முதல் இசிஜி கருவியின் எடை கிட்டத்தட்ட 270 கிலோ. இயக்க அஞ்சு பேர் வேணும். காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். அதை ஆஸ்பத்திரிக்குத் தூக்க முடியாது. இதயம் நொந்த நோயாளியை ஆய்வகத்துக்குத் தூக்குறதும் சரியில்லை. ஒன்றரை கிலோமீட்டர் தூரம். 1905-ல் அவர் ஒரு வேலை பண்ணார். நோயாளி ஆஸ்பத்திரியிலேயே கையையும் காலையும் உப்புத் தண்ணியில் வச்சு உட்கார்ந்திருக்க, அவர் இதயத்தின் மின்துடிப்பை டெலிபோன் கம்பி வழியா ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பதிவு செய்தார். டெலிகார்டியோகிராம் என்று பேர் வச்சார். 1924-ல் நோபல் பரிசும் வாங்கினார், இசிஜிக்காக.

இன்னைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த இசிஜி, சில நொடியில் பெரிய மருத்துவமனை இதய நிபுணர் கண்ணுக்குப் போகுது. நம்ம தமிழ்நாட்டிலேயே மாரடைப்புக்காக சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் இப்படி இணைச்சு ஒரு திட்டம் நடத்தி, 2017-ல் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் முடிவை வெளியிட்டாங்க. இணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள் இறந்த மாரடைப்பு நோயாளிகள் 17.6 சதவீதம். இணைச்ச பிறகு 14.2 சதவீதம். நூறு பேரில் மூணு பேருக்கு மேல. படத்தை அனுப்பினது மட்டுமே காரணம் இல்லை. ஆம்புலன்ஸ், மருந்து, ஆஞ்சியோ எல்லாம் சேர்ந்தது. ஆனா முதல் கண்ணி அந்தப் படம்.

அப்போ இசிஜி போட்டோ வேலை செய்யுது, "டாக்டர் இந்தத் தடிப்பு என்னன்னு பாருங்க" போட்டோ ஏன் பாதி நேரம் வேலை செய்யறதில்லை?

இசிஜி என்பது ஏற்கெனவே உடம்பிலிருந்து அளந்து எடுத்துத் தாளில் வரைஞ்சது. லீட் எங்க வைக்கணும், கட்டம் எத்தனை மில்லிமீட்டர், எல்லாத்துக்கும் விதி இருக்கு. அனுப்பும் நர்ஸுக்கும் பார்க்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரே மொழி. தடிப்பு போட்டோவில் அந்த மொழி இல்லை. ட்யூப்லைட் மஞ்சளா வெள்ளையா என்பதைப் பொறுத்து நோயே மாறும். அதைவிட முக்கியம், எதைக் காட்டணும் என்று முடிவு பண்றது நீங்க. கையில் இருக்கும் நாலு புள்ளியைக் காட்டுவீங்க. காலில் இருக்கிறதை நீங்களே பார்த்திருக்க மாட்டீங்க. நேரில் வந்தா நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

1879 டாக்டரைத் திரும்ப எடுத்துக்கோங்க. அவருக்குப் போட்டோ இல்லை, ரிப்போர்ட் இல்லை. ஆனா அவர் பாட்டி சொன்ன கதையோடு நிறுத்திக்காமல் அம்மாவிடமே பேசினார். அவங்க சொன்ன நோய்ப் பெயரை அப்படியே எடுத்துக்கலை. தனக்கு எது தேவையோ அதைக் கேட்டு வாங்கினார், அந்த நிமிஷமே. ஒரு பழைய கரகரப்பு லைனில் ரெண்டு பக்கமும் பேச முடிந்தது என்பதுதான் விஷயம். இன்னைக்கு மாமாவின் ஆபீஸ் நண்பரின் தங்கச்சி குழந்தைக்கு வந்த காய்ச்சல், நாலு பேர் ஃபார்வர்ட் பண்ணி, பதினாலு போட்டோவா எனக்கு வந்து சேருது. குழந்தையின் வயசு மட்டும் அதில் இருக்காது. என்னைக் கேட்டா, அந்தப் பதினாலு போட்டோவைவிட அந்த அம்மாவோடு ஒரு நிமிஷப் பேச்சு மேல்.

அதிலும் குழந்தை இருமல், மூச்சுன்னா இன்னைய போன் 1879-ஐவிட நூறு மடங்கு உதவும், சரியாப் பிடிச்சா. சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் தெரியுற மாதிரி ஒரு முழு நிமிஷம் வீடியோ. அழாம இருக்கும்போது எடுக்கணும். ரெண்டு மாசத்துக்குக் கீழ நிமிஷத்துக்கு 60-ம் அதுக்கு மேலும், ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வயசு வரை 50-ம் மேலும், ஒண்ணுலேர்ந்து அஞ்சு வயசு வரை 40-ம் மேலும் மூச்சு எண்ணிக்கை இருந்தா அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. நெஞ்சு உள்வாங்குது, பால் குடிக்கலை, துவண்டு கிடக்கு, வலிப்பு வந்துச்சு என்றால் எண்ணவும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். கிளம்பிடுங்க.

அடுத்து யார் பொறுப்பு என்ற கேள்வி. டெலிபோன் பிறந்ததிலிருந்தே இருக்கும் இந்தக் கேள்வி, நம்ம நாட்டில் பெரிசா வெடிச்சது 2018-ல். மகாராஷ்டிராவில் சிசேரியன் முடிந்து வீட்டுக்குப் போன பெண் மறுபடி உடம்பு சரியில்லாமல் அதே மருத்துவமனைக்கு வந்தார். டாக்டர் ஊரில் இல்லை. போனில் சொன்னபடி மருந்து கொடுத்தாங்க. அந்தப் பெண் இறந்துபோனார். பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த டாக்டர்களுக்கு முன்ஜாமீன் தர மறுத்தது. நாடு முழுக்க டாக்டர்கள் ஆடிப்போனாங்க. போனில் வைத்தியம் சொல்றதே கிரிமினல் குற்றமா?

என் கருத்தைச் சொல்லிடுறேன், சக டாக்டர்கள் திட்டினாலும் பரவாயில்லை. அங்கே பிரச்சனை போன் இல்லை. நோயாளியைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லாததை மறைக்கப் போன் பயன்பட்டதுதான் பிரச்சனை. தூரத்தில் இருக்கும் டாக்டரை நோயாளிக்கு அருகில் கொண்டுவர ஒரு கருவி வேணும். அருகில் இருக்க வேண்டிய டாக்டரைத் தூரமாக்க அதே கருவி வேண்டாம்.

விதி எப்போ வந்துச்சு? 2020 மார்ச் 25. ஊரடங்கு தொடங்கிய அதே நாள். தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள். லான்செட் செய்திக்கு 140 வருஷம் கழிச்சு! போன், வீடியோ, வாட்ஸ்அப், ஈமெயில் எதில் வேணா ஆலோசனை சொல்லலாம். நோயாளியே தொடர்புகொண்டா அவர் சம்மதம் கொடுத்ததாகவே எடுத்துக்கலாம். ஆனா நேரில் பார்த்தே ஆகணுமா என்பதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். பொறுப்பும் நேரில் பார்க்கும்போது உள்ள அதே பொறுப்புதான். பதிவு வச்சிருக்கணும். சில மருந்துகளை எழுதவே கூடாது, தூக்க மாத்திரை வகைகள் அதில் அடக்கம். "டாக்டர், அம்மாவுக்கு அந்தத் தூக்க மாத்திரை பேரை மட்டும் டைப் பண்ணி விடுங்க" என்று கேட்கிறவங்க இதைப் படிச்சா சந்தோஷம்.

அடுத்த மாசமே மத்திய அரசின் இ-சஞ்சீவனியில் நோயாளிகள் வீட்டிலிருந்தே ஓபி பார்க்க வழி வந்தது. ஆரம்பக் காலத்தில் அதைப் பயன்படுத்துவதில் தமிழ்நாடு முதல் வரிசையில் இருந்தது. ஆனாலும் என் போனில் "ஹாய் டாக்டர்" குறையவில்லை. ஏன்னா இ-சஞ்சீவனியில் வர்றது ஏதோ ஒரு டாக்டர். மக்கள் தேடுறது தெரிஞ்ச டாக்டர். இதில் தப்பு சொல்ல எனக்கு மனசு வரலை. ஒரு நாள் கூலியை விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி, ஓபி வரிசையில் மூணு மணி நேரம் நின்னு, ரெண்டு நிமிஷம் டாக்டர் முகத்தைப் பார்த்துட்டுப் போறவங்க, வீட்டுக்குப் போனப்புறம்தான் கேட்க மறந்தது ஞாபகம் வரும். "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?" அது நிஜமாவே சின்ன டவுட்தான். அதுக்குப் பதில் போடாமல் இருக்க நான் பெல் இல்லை.

வேலை நேரம் முடிஞ்சா போனைத் தொட வேண்டாம் என்று பிரான்சில் 2017-லிருந்து சட்டமே இருக்கு. நம்ம நாடாளுமன்றத்திலும் 2018-ல் ஒரு தனிநபர் மசோதாவா எழுதிப் பார்த்தாங்க, சட்டமாகலை. ஆனாலும் எனக்கு இது தீர்வாத் தெரியலை. கால் டூட்டி இருக்கிறவனுக்குப் போனை அணைக்கும் உரிமை எப்படி வரும்? கால் டூட்டி இல்லாத ராத்திரியில் என் இடத்தில் யார் போனை எடுப்பாங்க என்பதுதான் கேள்வி. ஆள் போட்டா நானும் தூங்குவேன், நோயாளிக்கும் பதில் கிடைக்கும். அதுக்கு ஆப் வேண்டாம், போஸ்டிங் வேணும்.

அதுவரைக்கும் எங்க எல்லாருக்கும் ஒரு உபகாரம் பண்ணுங்க. "ஹாய்" போட்டுட்டு காத்திருக்காதீங்க. எஸ்டிடி பூத் மீட்டர் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டு எழுதுங்க: வயசு, எத்தனை நாள், என்ன தொந்தரவு, ஏற்கெனவே என்ன மாத்திரை போட்டீங்க, சுகர் பிரஷர் உண்டா, ஒரே மெசேஜில். அரை மணி நேரத்தில் பதில் இல்லைன்னா, டிக் நீலமோ சாம்பலோ, டாக்டர் பார்க்கலைன்னே வச்சுக்கிட்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுறது, மூச்சுத் திணறல், பாம்புக்கடி, இதுக்கெல்லாம் எங்க யாருக்கும் மெசேஜ் போடாதீங்க. நேரா 108.

சந்தேகம் இருந்தா கமெண்டில் கேளுங்க, நாளைக்கு ஓபி முடிச்சிட்டு வந்து பதில் போடுறேன். ரிப்போர்ட் போட்டோ மட்டும் போடாதீங்க, உங்க பேர், வயசு, நம்பர் எல்லாம் ஊரே பார்க்கும்.